புதிதாக வாங்கிய கடல்மீன் போய்விட்டால்: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

நேற்றோ போன வாரமோ வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் விட்ட அலங்கார மீன் கண்ணில் படவில்லை, அல்லது மணல்மேல் சாய்ந்து கிடக்கிறது. கை உடனே வலைக்கும் வாளிக்கும் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உயிரோடு இருக்கும் மீன்களைப் பாருங்கள். அவை நீர்ப்பரப்பில் வாய் திறந்து திறந்து மூடினாலோ, செவுள்மூடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ, பம்ப் நீரைத் தள்ளும் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தாலோ அது அவசரநிலை. ஒரு மூடியுள்ள பாட்டிலில் தொட்டி நீரைக் கால் லிட்டர் பிடித்து வைத்துவிட்டு, ஏர் பம்பைப் போடுங்கள். வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் விசிறியை) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலங்கவிடுங்கள். அதே வெப்பமும் அதே உப்பளவும் உள்ள நீர் கைவசம் இருந்தால் கால் பங்கு மாற்றுங்கள்.

மற்ற மீன்கள் அமைதியாக இருந்தாலும் அந்தக் கால் லிட்டரைப் பிடித்து வைப்பது கட்டாயம். நீரை மாற்றிவிட்டால் அம்மோனியா குறைந்துவிடும். மருந்தை ஊற்றிவிட்டால் அளவீடுகள் குழம்பிவிடும். அதன்பிறகு மீன் எதனால் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் அடுத்த மீனை வாங்கினால், அதுவும் அதே வழியில் போவதற்கே வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டுரை முழுவதும் வற்புறுத்துவது அதைத்தான்: காரணம் பிடிபடும்வரை அடுத்த மீன் வேண்டாம்.

கண்ணில் படாத மீன்

காணாத மீனெல்லாம் செத்த மீன் அல்ல. ராஸ் வகைகளில் பல இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. புது இடத்துக்கு வந்த லெப்பர்ட் ராஸ் நாள்கணக்கில், சில சமயம் ஒரு வாரம்கூட மணலைவிட்டு வெளியே வராது. அது வேறொரு கடலின் பகல் இரவுக் கணக்கிலிருந்து வந்திருக்கும். உங்கள் விளக்கின் நேரத்துக்குப் பழக நாளாகும். ஜா மீன் குழி தோண்டி உள்ளே இருக்கும். பிளெனி, கோபி, டாட்டிபேக் ஆகியவை பாறை இடுக்கில் ஒடுங்கும். கார்டினல், ஸ்குவிரல் மீன்கள் இருட்டில்தான் நடமாடும். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சமுள்ள டார்ச்சால் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தைப் பெரும்பாலான பாறைமீன்கள் பொருட்படுத்துவதில்லை. பாறைகளைக் கலைத்துத் தேடாதீர்கள். ஒளிந்திருக்கும் மீனைப் பாறை நசுக்கிவிடும், மணலிலிருந்து விரட்டப்பட்ட ராஸ் பயத்தில் கண்ணாடியில் மோதிக்கொள்ளும்.

அடுத்துத் தரை. ஃபயர்ஃபிஷ், ராஸ், ஆந்தியாஸ், ஜா மீன், விலாங்கு, பல கோபிகள் எல்லாம் துள்ளிக் குதிப்பவை. அதிலும் முதல் சில இரவுகளில்தான் அதிகம் குதிக்கும். தொட்டியின் பின்புறம், ஸ்டாண்டுக்கு அடியில், பக்கத்து மேசை நாற்காலிக்குக் கீழே என்று இரண்டு மீட்டர் தூரம்வரை தேடுங்கள். துடித்துக்கொண்டே நெடுந்தூரம் போயிருக்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தடயமே இருக்காது. கண்டெடுத்த மீனின் செவுள் இன்னும் ஈரமாக இருந்தால், அசைவில்லாவிட்டாலும் தொட்டி நீரிலேயே விடுங்கள். துளையிட்ட பெட்டி ஒன்றில் வைத்து, வாய்ப்பக்கம் மென்மையாக நீரோட்டம் படும்படி செய்யுங்கள். பிழைத்த மீன்கள் உண்டு.

மூன்றாவது, குழாய்வழி. நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக், கீழே உள்ள வடிகட்டும் தொட்டியான சம்ப், பின் அறையுள்ள தொட்டிகளில் அந்தப் பின் அறை, நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் வாய், வேவ்மேக்கரின் கூடு. ஓவர்ஃப்ளோவுக்குள் விழுந்த மீன் அங்கே பல நாள் உயிரோடு இருக்கக்கூடும். அதனால் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

தொட்டியில் கார்ப்பெட் அனிமோனோ நட்சத்திரமீன் போன்ற பெரிய பச்சை பிரிட்டில் ஸ்டாரோ இருந்தால் சிறு மீனை அவை பிடித்துத் தின்றிருக்கலாம். அப்படி நடந்தால் உடல் கிடைக்காது. ஹெர்மிட் நண்டும் நசாரியஸ் நத்தையும் பிரிசில் புழுவும் நிறைய உள்ள தொட்டியில், நான்கைந்து சென்டிமீட்டர் மீனின் உடல் ஒரே இரவில் முள்ளாகிவிடும். ஆனால் காலையில் முள்ளைப் பார்த்து நண்டுதான் கொன்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நலமாக இருக்கும் மீனை இவை பிடிப்பது அரிது. செத்ததையும் சாகக்கிடப்பதையும் தின்பதுதான் இவற்றின் வேலை. நத்தைகளும் நண்டுகளும் பாறையின் ஒரே மூலையில் குவிந்திருந்தால் உடல் அங்கேதான் இருக்கிறது.

உடல் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? பாறையில் பாக்டீரியா முதிர்ந்த, 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் சிறு மீன் ஒன்று அழுகினால் பெரும்பாலும் பாக்டீரியாக்கள் சமாளித்துவிடும். 100 லிட்டருக்குக் குறைவான தொட்டியிலோ, செத்தது உள்ளங்கை நீள மீனாக இருந்தாலோ விட்டுவிடக்கூடாது. ஐந்து நாள்களுக்குத் தினமும் அம்மோனியாவை அளந்து பாருங்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) திடீரென்று நுரைத்துப் பொங்கினாலும் நீர் பால்போல் மங்கினாலும் எங்கோ உடல் கரைகிறது என்று பொருள். அப்போது பாறையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். பாறையில் சோவாந்திட், பாலிதோவா பவளங்கள் இருந்தால் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவற்றில் சில இனங்களில் இருக்கும் பாலிடாக்சின் மனிதருக்கும் கடும் நஞ்சு.

உடல் கிடைத்தால்

வெறும் கையால் எடுக்க வேண்டாம். ஃபாக்ஸ்ஃபேஸ், ராபிட்ஃபிஷ், லயன்ஃபிஷ் ஆகியவற்றின் முள்ளில் செத்த பிறகும் நஞ்சு இருக்கும். டேங் மீனின் வாலடியில் உள்ள கத்தி கையைக் கிழிக்கும். அந்தக் காயத்தின் வழியே மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா புகுந்தால் ஆறாத புண்ணாகும்.

வெள்ளைத் தட்டில் வைத்து இரு பக்கமும், செவுள்மூடியைத் தூக்கி உள்ளேயும், வயிற்றுப் பக்கமும் படம் எடுங்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள், கடைசியாக எப்போது உயிரோடு பார்த்தீர்கள், கடைசியாக எப்போது இரை எடுத்தது என்று எழுதி வையுங்கள். யாரிடமாவது காட்டப்போவதாக இருந்தால் ஈரமான பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது.

பார்க்க வேண்டியவை இவை. வாய் அகலத் திறந்து, செவுள்மூடியும் விரிந்திருந்தால் மீன் மூச்சுத்திணறிச் செத்திருக்கிறது. ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணி என மூன்றில் ஒன்று. செவுள் பழுப்பாக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், செத்துச் சில மணி நேரத்தில் எல்லாச் செவுளும் நிறம் மங்கிப் பழுப்பாகும். தோல்மேல் பொன்னிறத் தூசி தூவியதுபோல் இருந்தால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். உப்புக்கல் ஒட்டியதுபோல் தனித்தனி வெண்புள்ளிகள் என்றால் வெள்ளைப்புள்ளி நோய். தோல் உரிந்து சளியாகத் தொங்கினால், குறிப்பாக அது கிளவுன் மீன் என்றால், புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. பக்கவாட்டில் சிவந்த புண், அதுவும் நீலப்பச்சைக் குரோமிஸில் என்றால், யூரோனீமா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். துடுப்பு கிழிந்து, ஓரம் சிவந்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே கடிபட்டிருக்கிறது. கண்ணும் வயிறும் மட்டும் காணாமல், ஓரத்தில் சிவப்பே இல்லாமல் இருந்தால் அது செத்தபிறகு நண்டு தின்றது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒடுங்கி, வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி. இப்படி ஒடுங்குவதற்குப் பல வாரங்கள் ஆகும், ஆக வாங்கிச் சில நாளில் போன மீன் என்றால் வாங்கும்போதே அது அந்த நிலையில்தான் இருந்திருக்கும்.

நீரை அளத்தல்

பிடித்து வைத்த நீரில் உப்பளவு, அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (அமில-கார அளவு) நான்கையும் அளந்து விடுங்கள். வெப்பத்தைத் தொட்டியிலேயே அளக்க வேண்டும், அதுவும் ஹீட்டரின் திரையை நம்பாமல் தனி வெப்பமானியால். இருக்க வேண்டியது: உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், பி.எச். 8.0 முதல் 8.4, அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் கடல்நீரில் நன்னீரில் போல அத்தனை கொடியதல்ல, நீரிலுள்ள குளோரைடு அதைச் செவுள்வழி புகவிடாது. ஆனாலும் நைட்ரைட் தென்பட்டால் தொட்டியின் பாக்டீரியா இன்னும் முதிரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நைட்ரேட் 20 மி.கி./லி. இருந்தாலும் 40 இருந்தாலும் புது மீன் ஒரே நாளில் சாவதற்கு அது காரணமாகாது.

உப்பளவை நம்புவதற்கு முன் கருவியை நம்பலாமா என்று பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி விலகலால் உப்பை அளக்கும் கருவியை) வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் வைத்துவிட்டால் போதாது. 35 பிபிடி அளவுத் திரவம் ஒரு துளி விட்டுச் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டால்கூட அளவு கூடுதலாகக் காட்டும். 1.025 என்று நினைத்துக்கொண்டு 1.030-இல் மீன் வளர்ப்பவர்களும் 1.020-இல் வளர்ப்பவர்களும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

எண்களோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வேறு யார் பாதிக்கப்பட்டார்கள்? மீன்கள் மட்டும் துன்பப்பட்டு, இறால், நத்தை, பவளம் எல்லாம் நலமாக இருந்தால் நோய் என்றே முதலில் நினைக்க வேண்டும், மீனின் ஒட்டுண்ணி முதுகெலும்பில்லாத உயிர்களைத் தொடாது. இறாலும் நத்தையும் விழுந்து மீன்கள் நன்றாக இருந்தால் செம்பு கலந்திருக்கலாம், அல்லது உப்பளவு சட்டென்று மாறியிருக்கலாம். எல்லாமே ஒன்றாகத் தளர்ந்தால் ஆக்சிஜன், வெப்பம், வெளியிலிருந்து வந்த நஞ்சு. அறையில் பெயின்ட் அடித்தார்களா, பூச்சிமருந்து தெளித்தார்களா என்று விசாரியுங்கள். புது மீன் ஒன்று மட்டும் போய், பழையவை எதுவும் நடக்காததுபோல் இரை எடுத்தால், காரணம் பெரும்பாலும் அந்த மீன் வந்த வழியிலோ, பழைய மீன்களின் வாயிலோ இருக்கிறது.

எத்தனை நாளில் போனது

எல்லாத் தடயங்களிலும் அதிகம் பேசுவது நாள்கணக்குதான்.

முதல் 24 மணி நேரத்துக்குள் போன மீனை நோய் கொன்றிருப்பது அரிது. பயணமும் மாற்றமும்தான் கொன்றிருக்கும். பைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் இது தெளிவாகும். மூடிய பையில் மீன் மூச்சுவிட விட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கும். அதே நேரம் மீன் வெளியிடும் அம்மோனியாவும் சேரும். பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அம்மோனியாவில் ஏறக்குறைய எல்லாமே தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பி.எச். 6.8-இல் நஞ்சான பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். 8.2-ஐத் தொட்டால் நஞ்சின் பங்கு சுமார் 7 சதவீதமாகிவிடும், அதாவது இருபது மடங்கு. நீண்ட நேரம் பையில் வந்த மீனைத் திறந்த வாளியில் வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச்சொட்டாகத் தொட்டி நீர் விடுகிறவர்கள், அக்கறையினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் மீன் அம்மோனியாவில் வெந்துகொண்டிருக்கும். செவுள் எரிந்த மீன் அன்று இரவோ மறுநாளோ போகும். அதற்குள் தொட்டியில் அளந்தால் அம்மோனியா பூஜ்யம் என்றே காட்டும்.

இதே முதல் நாளில் தொடங்கும் இன்னொரு காரணம் உப்பளவு. ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் செலவைக் குறைக்கவும் பல விற்பனைத் தொட்டிகளை 1.018, 1.020 என்று தாழ்த்தி வைப்பது உண்டு. அங்கிருந்து நேராக 1.026-க்கு வந்த மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறும். கடல்மீன் எப்போதும் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள்வழி வெளியேற்றியே உயிர்வாழ்வது. திடீரென்று உப்பு கூடினால் அந்த வேலைக்கு ஈடுகொடுக்க முடியாது. உப்பு குறைவதை மீன் தாங்கும், கூடுவதைத் தாங்காது. மறுநாள் மந்தமாகி, மூன்றாம் நாளுக்குள் போகும். கடைப் பையின் நீரையும் அளந்திருந்தால் இதை உடனே பிடிக்கலாம். அடுத்த முறை பையைத் திறந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

ஆழத்தில் பிடித்து வேகமாக மேலே கொண்டுவந்த மீன்களுக்கு நீச்சல்பை வீங்கியிருக்கும். வால் மேலே தூக்கியபடி, கீழே இறங்க முயன்று முயன்று களைக்கும். சில ஆந்தியாஸ்களில் இது தென்படும். வாங்கும்போதே பார்த்துத் தவிர்க்க வேண்டியது, வீட்டில் சரிசெய்ய முடிவது அபூர்வம்.

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை போனால் சண்டை, வெல்வெட், புரூக்லினெல்லா மூன்றையும் வரிசையாக விசாரியுங்கள். சண்டைக்கு அடையாளம், மீன் மேல் மூலையிலோ பம்புக்குப் பின்னாலோ ஒண்டிக்கொண்டிருந்தது, இரைக்கு வரவில்லை, துடுப்பு கிழிந்தது. டாம்செல், டாட்டிபேக், முட்டையிடும் கிளவுன் ஜோடி, ஒரே உடல்வாகு கொண்ட டேங்குகள் ஆகியவை குற்றவாளிகளாக இருக்கும். நீங்கள் பார்க்கும்போது அடிக்காமல் இருக்கலாம். ஒரு கைபேசியைத் தொட்டிக்கு எதிரே வைத்து, நீங்கள் அறையில் இல்லாத ஒரு மணி நேரத்தைப் பதிவுசெய்து பாருங்கள்.

வெல்வெட்டை எல்லோரும் அஞ்ச வேண்டும். அமைலூடினியம் என்ற இந்த ஒட்டுண்ணி முதலில் செவுளில் குடியேறும். தோலில் தூசி தெரிவதற்கு முன்பே மீன் செத்துவிடும். அறிகுறிகள்: மூச்சு வேகம், பம்பின் நீரோட்டத்துக்குள் போய் நிற்பது, வெளிச்சத்தை விட்டு ஒதுங்குவது, இரையை மறுப்பது. நேற்று நன்றாக இருந்த மீன் இன்று இல்லை, நாளை இன்னொன்று போகிறது என்றால் இதுவேதான் என்று கொண்டு செயல்படுங்கள். அங்கே ஒரு நாள் தாமதம் ஒரு தொட்டி மீனைக் காவுகொள்ளும்.

ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துப் போனால் வெள்ளைப்புள்ளி, தோல் செவுள் தட்டைப்புழுக்கள், யூரோனீமா, குடல் புழு இவற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளியில் பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். இந்த நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி மீன்மேல் மூன்று முதல் ஏழு நாள் இருந்து, பின் கழன்று மணலில் விழுந்து உறைகட்டிப் பெருகும். புள்ளி காணாமல் போவது அதனால்தான். அங்கிருந்து பலமடங்காகத் திரும்பும். பூண்டும் விட்டமினும் கலந்த இரை மீனுக்கு நல்லதுதான், இந்தச் சுழற்சியை அவை நிறுத்துவதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. அப்படிப் பிடித்த மீன் நன்றாக இரை எடுத்தபடியே சில வாரங்களில் போய்விடக்கூடும். வீட்டில் இதை உறுதிசெய்ய வழியில்லை, எனவே மற்ற எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகே இதைச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, மெல்ல மெலிந்து போனால் பட்டினி. மாண்டரின் மீன் பாறையிலுள்ள கோபிபாடு என்ற மிகச்சிறு உயிர்களைப் பகல் முழுவதும் கொத்தித் தின்பது. புதுத் தொட்டியில் அது சில வாரங்களில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன், மூரிஷ் ஐடல், கிளீனர் ராஸ் இவற்றையும் பட்டினியே அதிகம் கொல்கிறது. ஆந்தியாஸுக்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை சிறு இரை வேண்டும்.

நோய் என்று தெரிந்தால் மீதி மீன்களுக்கு என்ன செய்வது

எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தனித் தொட்டியில் மருத்துவம் செய்வது மட்டுமே நம்பத்தக்க வழி. பாறையும் மணலும் உள்ள தொட்டியில் செம்பு ஊற்றக்கூடாது. சுண்ணப்பாறை செம்பை உறிஞ்சி அளவைக் குலைக்கும், இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும்.

வெல்வெட்டுக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் செம்பு. சந்தையில் இரண்டு வகை உண்டு. கீலேட் செய்த (வேறு மூலக்கூறோடு பிணைத்த) செம்புக்கு அளவு 2 முதல் 2.5 மி.கி./லி. வரை இருக்கும். அயனிச் செம்புக்கு இதில் சிறு பங்குதான், 0.5 மி.கி./லி. அல்லது அதற்கும் கீழே. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் மீன் நஞ்சுண்டு சாகும், அல்லது ஒட்டுண்ணி தப்பிக்கும். எனவே உங்கள் மருந்தின் லேபிளைப் படித்து, அந்த வகைக்கு ஏற்ற டெஸ்ட் கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். வெல்வெட்டில் காத்திருக்க நேரமில்லாவிட்டாலும், பொதுவாக இரண்டு மூன்று நாள்களில் படிப்படியாக ஏற்றி, அந்த அளவிலேயே முப்பது நாள் நிறுத்த வேண்டும். தினமும் அளக்க வேண்டும், ஏனென்றால் அளவு ஒரு நாள் கீழே இறங்கினால் நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். செம்புள்ள நீரில் அம்மோனியாவை முறிக்கும் ரசாயனக் கண்டிஷனர்களைச் சேர்க்காதீர்கள். அவற்றில் பல செம்பை இன்னும் நஞ்சான வடிவுக்கு மாற்றிவிடும். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றி, மாற்றிய நீரிலும் அதே அளவு செம்பு கலந்து ஊற்றுங்கள்.

தட்டைப்புழுவுக்கு பிராசிகுவாண்டெல் என்ற மருந்து, 2.5 மி.கி./லி., ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை. முட்டையை அது கொல்லாது, அதனால்தான் இரண்டாம் முறை. மருந்து நீரில் ஆக்சிஜனைக் குறைக்கக்கூடும், ஏர் பம்ப் ஓடட்டும். தட்டைப்புழு உண்டா என்று அறிய நன்னீர்க் குளியல் உதவும்: குளோரின் இல்லாத நன்னீர், அதே வெப்பம், சமையல் சோடா சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து அதே பி.எச்., காற்றுக்குமிழியோடு ஐந்து நிமிடம். தோலிலிருந்து வெள்ளைச் செதில்கள்போல் புழுக்கள் உதிரும். மீன் சாய்ந்து அசையாமல் கிடந்தால் ஐந்து நிமிடம் ஆகும் முன்பே எடுத்துவிடுங்கள். புரூக்லினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல் வேண்டும். அது மனிதருக்கும் தீங்கான ரசாயனம், காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு, லேபிள் சொல்லும் அளவை மீறாமல்.

காலியான பெரிய தொட்டியை ஒரு மீனும் இல்லாமல் விட வேண்டும். வெள்ளைப்புள்ளிக்கு 76 நாள் என்பது வழக்கத்தில் நிலைத்த கணக்கு. வெல்வெட்டுக்கு ஆறு வாரம் என்பார்கள். எது என்று தெரியாவிட்டால் நீண்டதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இறால், நத்தைகளுக்கு இரை போட்டுவரவேண்டும், அதனால் பாக்டீரியாவும் பட்டினியில்லாமல் இருக்கும். யூரோனீமாவுக்கு இந்தக் காத்திருப்பு பயன்படாது, அது மீனில்லாமலும் நீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்று வாழும்.

அடுத்த மீனுக்கு முன்

தனித் தொட்டி ஒன்று இல்லாமல் அடுத்த மீனை வாங்க வேண்டாம். 40 முதல் 80 லிட்டர் போதும். அடியில் மணல் கூடாது. ஒரு ஹீட்டர், தனி வெப்பமானி, ஒளிந்துகொள்ள பி.வி.சி. முழங்கைக் குழாய்கள் இரண்டு மூன்று, மூடி. ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஸ்பாஞ்சை மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் போட்டு வைத்தால் பாக்டீரியா ஏறிவிடும். நோய் இருந்த தொட்டியென்றால் அதிலிருந்து எடுக்காதீர்கள். தனியே ஒரு வாளியில் அம்மோனியம் குளோரைடு விட்டு வளர்த்துக்கொள்ளலாம். 2 மி.கி./லி. அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமானால் ஸ்பாஞ்ச் தயார்.

கடையில், உங்கள் கண் முன் இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். கடையின் உப்பளவைக் கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் முதல்நாளே தயாராக வையுங்கள். பையை மூடியபடி கால் மணி முதல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்ததும் திறந்து, உப்பளவை அளங்கள். வேறுபாடு 2 பிபிடிக்குள் இருந்தால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பை நீர் சேர வேண்டாம். தொட்டியின் உப்பு பை நீரைவிட 2 பிபிடிக்கு மேல் அதிகம் என்றால் தொட்டியைத்தான் நன்னீர் விட்டுத் தாழ்த்த வேண்டும், மீனைக் காக்க வைக்கக்கூடாது. பிறகு ஒரு நாளைக்கு 1 பிபிடி வீதம் ஏற்றுங்கள். 40 லிட்டர் தொட்டியில் 1 பிபிடி ஏற்ற, இரண்டு லிட்டர் தொட்டி நீரை வெளியே எடுத்து, அதில் 45 கிராம் அளவு கடல் உப்புக் கலவையை முழுக்கக் கரைத்துத் தெளிந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றுங்கள். உப்பை நேரே தொட்டியில் கொட்டக்கூடாது.

குறைந்தது நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். 25 டிகிரியில் 35 பிபிடி கடல்நீர் சுமார் 6.8 மி.கி./லி. ஆக்சிஜனைத்தான் தாங்கும், நன்னீர் 8.2 தாங்கும். சிறு தொட்டியில் ஏர் பம்ப் ஓர் இரவு நின்றாலே ஆபத்து, மின்சாரம் போனால் ஓடும் பேட்டரி பம்ப் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில், துளையிட்ட தெளிவான பெட்டிக்குள் விட்டு இரண்டு முதல் ஐந்து நாள் உள்ளேயே வைத்திருங்கள். பழைய மீன்கள் பெட்டியை முட்டுவது நின்று, புது மீன் பெட்டிக்குள்ளேயே இரை எடுக்கத் தொடங்கியதும், விளக்கு அணைவதற்கு அரை மணி முன்பு திறந்துவிடலாம். முட்டல் நிற்கவேயில்லை என்றால் இரண்டு மூன்று பாறைகளை இடம் மாற்றுங்கள், ஆதிக்க மீன் தன் எல்லையை மறந்து குழம்பும். அல்லது அந்த முரட்டு மீனையே சில நாள் பெட்டிக்குள் போடுங்கள். தொட்டியின் மேல் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைமூடியை அன்றே பொருத்திவிடுங்கள். குழாயும் வயரும் நுழையும் மூலைகளில் இடைவெளி விட்டிருந்தால் அதையும் வலைத்துண்டால் அடைக்க வேண்டும், மெல்லிய ராஸ் அந்த மூலையைத்தான் தேடும்.